மாணவர் மையம்: புதுக் கட்டடமா, பழைய கட்டடமா, பக்கத்து வீடா?

பூட்டிய கூடத்தின் கதவில் முதுகைச் சாய்த்து ஒரு மாணவி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு, பக்கத்தில் தோழியின் பை. மதிய இடைவேளை முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அந்த வழியாக வந்த ஆசிரியர் ஒருவர் நின்று, "இங்கே என்னம்மா வேலை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். அவள் பதில் சொல்லாமல் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அந்தக் கூடத்துக்குள் நூறு நாற்காலிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சாவி அலுவலகத்தில் இருந்தது.

நான் உறுப்பினராக இருந்த ஒரு சமயப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் மாணவர் மையம் திறக்கலாம் என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் உடனே தலையாட்டினார்கள். எங்கே, எப்படி என்று வந்ததும் நாலு கட்சியாகிவிட்டது. புதிதாகக் கட்ட வேண்டும் என்றது ஒன்று. சும்மா கிடக்கும் பழைய வகுப்பறைக் கட்டடத்தை மாற்றினால் போதும் என்றது இன்னொன்று. வழிபாட்டுக் கூடத்தின் பக்க அறைகளையே கொடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். வளாகத்துக்கு வெளியே ஒரு வீட்டை எடுக்கலாம் என்றவர் ஒருவர் மட்டுமே, ஆனால் அவர் விடவே இல்லை. நாலையும் மாதக்கணக்கில் அலசினோம். அந்த அலசல் இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் பள்ளிகளுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பள்ளிகளுக்குப் பழைய கட்டடத்தை மாற்றுவதே நல்லது. அதில் மிச்சமாகும் பணத்தை, அந்த மையத்திலேயே நாள் முழுக்க இருக்கப்போகும் ஒரு ஆளுக்குச் செலவிட வேண்டும்.

ஒப்பிடுவதற்கு ஒரு அளவுகோல் வேண்டும் அல்லவா? சதுர அடி, செலவு, கட்டி முடிக்கும் காலம் எல்லாம் பட்டியலில் இருக்கட்டும். நான் முதலில் வைப்பது இதைத்தான்: ஒரு பிள்ளை எந்தக் காரணமும் சொல்லாமல் உள்ளே வந்து உட்கார முடிகிறதா, வாரத்தில் எத்தனை மணி நேரம்? சமயப் பள்ளியில் இந்தக் கேள்விக்கு எடை கூடுதல். அங்கே பிள்ளையின் பொழுது ஏதாவதொரு நோக்கத்தோடுதான் நகர்கிறது. பாடம், வழிபாடு, சேவைக் குழு, போட்டிக்குப் பயிற்சி என்று ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயர் இருக்கிறது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் அப்பால் மக்கள் இயல்பாகக் கூடும் இடத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 'மூன்றாவது இடம்' என்றார். வகுப்பறை ஒன்று, வழிபாட்டுக் கூடம் இரண்டு என்று வைத்தால், பள்ளிக்குள் இல்லாமல் போவது அந்த மூன்றாவதுதான்.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. கேம்பிரிட்ஜில் 1815லும் ஆக்ஸ்ஃபோர்டில் 1823லும் மாணவர் விவாதச் சங்கங்கள் தோன்றின. மாணவர்களுக்கு என்றே ஒரு கட்டடம் என்ற எண்ணம் அமெரிக்காவில் காலூன்றியது 1896இல். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அப்போது ஹூஸ்டன் ஹால் திறக்கப்பட்டது. இறந்துபோன மகனின் நினைவாக ஒரு பெற்றோர் கொடுத்த கொடை அது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஹார்ட் ஹவுஸ் 1919இல் திறந்தது. நூலகம், உடற்பயிற்சிக் கூடம், அரங்கம், ஒரு சிறிய வழிபாட்டு அறை என எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஆனால் பெண்கள் அதில் உறுப்பினராக 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அருமையான கட்டடம், பாதிப் பேருக்குக் கதவு அடைப்பு. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், இந்தக் கதவு யாருக்கெல்லாம் திறக்கும் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிவைத்துவிடுங்கள்.

சரி, முதலில் புதுக் கட்டடம்.

இதன் பலம் தெரிந்ததே. தேவைக்கேற்ப வரையலாம், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே வழி இருக்கும், மின் இணைப்பும் காற்றோட்டமும் ஒழுங்காக அமையும். எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மேசை நாற்காலி போட்ட கூடத்தில் ஒருவருக்கு 15 சதுர அடி, அதாவது சுமார் 1.4 சதுர மீட்டர் என்று சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு கணக்கிடுகிறது. 600 மாணவர் உள்ள பள்ளியில் ஐந்தில் ஒருவர் ஒரே நேரத்தில் வருவார்கள் என்று வைத்தால் 120 பேர். அவர்களுக்கு உட்காரும் இடம் மட்டும் 168 சதுர மீட்டர். நடைபாதை, கழிப்பறை, பொருளறை எல்லாம் தனி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் 'பெரிய ஹால்' என்று வரைந்த படம்தான் எங்கள் மேசைக்கு முதலில் வந்தது. பாதி அளவு போதும் என்று தெரிய எங்களுக்கு மூன்று கூட்டம் பிடித்தது.

இடம்தான் இதில் சிக்கல். காலி மனை பெரும்பாலும் வளாகத்தின் ஓரத்தில்தான் இருக்கும். ஓரத்தில் கட்டினால் பிள்ளைகள் அதற்கென்று நடந்து போக வேண்டும். 'அதற்கென்று' வந்தாலே 'காரணம் இல்லாமல்' என்பது போய்விடும். சிகாகோவில் இல்லினாய் தொழில்நுட்பக் கல்லூரியில் 2003இல் திறந்த மாணவர் மையத்தைக் கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸ் வடிவமைத்த விதம் இங்கே கவனிக்கத்தக்கது. காலியாகக் கிடந்த அந்த இடத்தை மாணவர்கள் எந்தெந்தத் தடங்களில் குறுக்கே கடந்தார்கள் என்று பார்த்து, அந்தத் தடங்களையே கட்டடத்துக்குள் நடைவழிகளாக்கினார்கள். தலைக்கு மேலே ரயில் ஓடும் இடம் அது. பாதையைச் சுற்றி ஒரு நீண்ட குழாயைப் பொருத்திச் சத்தத்தைக் குறைத்தார்கள். அமைதியான ஓரம் ஒன்றைத் தேடிப் போகாமல், சத்தமுள்ள இடமானாலும் கால்கள் போகிற வழியை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கும் இது பொருந்தும். ஒரு வாரம் இடைவேளை நேரத்தில் மாடியில் நின்று, பிள்ளைகள் எங்கே நடக்கிறார்கள் என்று காகிதத்தில் கோடு போட்டுப் பாருங்கள். கோடுகள் குவிகிற இடத்தில் மனை இல்லையென்றால் புதுக் கட்டடம் வேண்டாம்.

அப்புறம் பணம். சமய நிறுவனங்களுக்குக் கட்டடத்துக்கு நன்கொடை கிடைப்பது எளிது. கல்வெட்டு இருக்கும், திறப்பு விழா இருக்கும், கொடுத்தவர் பெயர் நிற்கும். அதில் தவறு எதுவும் இல்லை, நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் பத்து ஆண்டுச் சம்பளத்துக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. அழகான மையம் கட்டிவிட்டு, உள்ளே இருக்க ஆள் இல்லாமல் நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் திறக்கிற பள்ளியைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சோபாக்களின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. ஆகவே நன்கொடையை ஏற்கும் கடிதத்திலேயே ஒரு பகுதி நடத்தும் செலவுக்கான நிதியாகப் போகும் என்று எழுதிவிட வேண்டும். கொடையாளரிடம் நேரில் விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். எங்களிடம் ஒருவர், "ஆளுக்குக் கொடுக்கிற பணத்துக்கே என் அம்மா பெயரை வையுங்கள்" என்றார்.

இரண்டாவது, பழைய கட்டடத்தை மாற்றுவது. சொல்ல வேண்டியது இதில்தான் அதிகம்.

அமெரிக்காவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான நோட்ர டாமில் லாஃபார்ச்சூன் மாணவர் மையம் என்று ஒன்று உண்டு. 1883இல் அறிவியல் கூடமாகக் கட்டப்பட்டது, 1950களில் மாணவர் மையமாக மாற்றப்பட்டது. அதே பல்கலைக்கழகம் 2018இல் விளையாட்டரங்கை ஒட்டிப் புத்தம் புதிதாக டங்கன் மாணவர் மையத்தையும் திறந்தது. வசதி உள்ள நிறுவனத்துக்கு இரண்டும் முடிகிறது. வசதி குறைந்தவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் உதாரணம் இன்னும் பழையது. இத்தாலியின் டூரின் நகரில் கத்தோலிக்கக் குரு டான் பாஸ்கோ 1841இல் ஏழைச் சிறுவர்களைக் கூட்டத் தொடங்கினார். அவர்கள் போட்ட சத்தத்தைப் பொறுக்காமல் பல இடங்களிலிருந்தும் வெளியேறச் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம், மாவு மில், வாடகை அறைகள், கடைசியில் ஒரு திறந்த புல்வெளி என்று அலைந்தார்கள். 1846 ஈஸ்டரின்போது வால்டோக்கோவில் பினார்டி என்பவரின் தாழ்வான கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. கூரை மிகத் தாழ்வு. தரையைத் தோண்டி இறக்கினார்கள். வீடாகவும் ஆலயமாகவும் பள்ளியாகவும் விளையாட்டுத் திடலாகவும் ஒரே இடம் இருக்க வேண்டும் என்று அவர் தொடங்கிய சலேசிய சபையார் இன்றும் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். அங்கே கட்டடம் கொட்டகைதான், ஆனால் ஆள் எப்போதும் இருந்தார்.

உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கச் சொல்லவில்லை. பழைய கட்டடத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, தளம் தாங்கும் எடை. மாடியில் சும்மா கிடக்கும் இரண்டு வகுப்பறைகளின் நடுச்சுவரை எடுத்துவிட்டுக் கூடமாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அமெரிக்க வடிவமைப்பு விதிப்படி வகுப்பறைத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 195 கிலோ தாங்கினால் போதும். கூட்டம் கூடும் இடத்துக்குச் சுமார் 490 கிலோ வேண்டும். இரண்டரை மடங்கு! வரிசையாக உட்கார்ந்து படிக்கும் நாற்பது பேரும், பண்டிகை நாளில் நெருக்கியடித்துக் குதிக்கும் நூறு பேரும் தளத்துக்கு ஒன்றல்ல. நாட்டுக்கு நாடு எண் மாறும், வித்தியாசம் எங்கும் உண்டு. அந்த நடுச்சுவரே மேல்தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கவும் கூடும். பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் மாடியைத் தொடவே கூடாது. முடிந்தால் கீழ்த்தளத்தையே எடுங்கள்.

கீழ்த்தளத்துக்கும் படி உண்டு. சாய்தளம் 1க்கு 12 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். தரைமட்டத்திலிருந்து 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் 7.2 மீட்டர் நீளமுள்ள சாய்தளம். இதற்கு முன்பக்கம் இடம் இருக்கிறதா என்று நாடாவை வைத்து அளந்து பார்த்துவிட வேண்டும். 'பின்பக்கம் போட்டுக்கொள்ளலாம்' என்றால், சக்கர நாற்காலியில் வருபவர் மட்டும் தோழர்களை விட்டுவிட்டுச் சுற்றி வர வேண்டியிருக்கும். ஐம்பது பேர் கூடும் அறைக்கு வெளியேற இரண்டு வழி வேண்டும் என்பதும் பொதுவான விதி. இரண்டாவது வழியில் மேசையைப் போட்டு அடைத்து வைக்கிற பழக்கம் பள்ளிகளுக்கு உண்டு, அதை முதல் நாளே நிறுத்த வேண்டும். பழைய கூரையில் அஸ்பெஸ்டாஸ் இருந்தால் அதைத் தொட அனுபவமுள்ளவர்களைத்தான் கூப்பிட வேண்டும். அந்தச் செலவு மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதிரொலியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வெறும் சுவரும் வழவழப்பான தரையும் உயர்ந்த கூரையும் உள்ள அறையில் முப்பது பேர் பேசினாலே காது வலிக்கும். ஒருவர் குரலை உயர்த்துவார், பக்கத்தில் இருப்பவர் இன்னும் உயர்த்துவார். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் இரண்டாம் நாளிலிருந்து வரமாட்டார்கள். எங்கள் பழைய கட்டடத்தில் கூரைக்கு ஒலி உறிஞ்சும் பலகை அடித்த பிறகு அறையே மாறிவிட்டது. அதற்கு முன் அங்கே இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் வெளியே வராந்தாவுக்குத்தான் போனார்கள்.

மூன்றாவது வழி, வழிபாட்டுக் கூடத்தின் பக்க அறைகள். உடனே கிடைக்கும், செலவும் மிகக் குறைவு. கற்பதும் தங்குவதும் தொழுவதும் ஒரே கூரையின் கீழ் நடப்பது சமய மரபுகளுக்குப் பழகிய ஒன்றுதான். கெய்ரோவின் அல்அஸ்ஹர் பள்ளிவாசலில் வெவ்வேறு பிரதேசத்து மாணவர்களுக்கு 'ரிவாக்' என்று தனித்தனிப் பகுதிகள் இருந்தன. ஆனால் அந்தப் பகுதி அவர்களுடையதாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். நம் பள்ளிகளில் நடப்பது வேறு. வழிபாடு இருக்கும் நாளில் மையம் கிடையாது, விருந்தினர் வந்தால் கிடையாது, விழாவுக்குப் பந்தல் சாமான் வைக்க அந்த அறைதான் வசதி. மூன்று மாதத்தில் அது மறுபடி பொருளறையாகிவிடும். சத்தமும் ஒரு தகராறு. தியானத்தில் இருப்பவர் பக்கத்து அறைச் சிரிப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அல்லது சிரிக்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டு பேரிடமும் குறை சொல்ல முடியாது. இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும்: வழிபாட்டுக்கென்று எழுதிக்கொடுத்த சொத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த அறக்கட்டளைப் பத்திரம் அனுமதிக்கிறதா? இதை வழக்கறிஞரிடம் கேட்காமல் ஆரம்பித்தால் பின்னால் மனக்கசப்புதான். வேறு வழியே இல்லாத சிறிய பள்ளிக்கு மட்டும் இதைச் சொல்வேன், அதுவும் நேர அட்டவணையை எழுத்தில் வாங்கிக்கொண்டு.

நான்காவது, வெளியே ஒரு வீடு. இதற்கும் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1893இல் கத்தோலிக்க மாணவர்களின் நியூமன் சங்கம் தோன்றியது. 1923இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்களுக்காக ஹில்லெல் என்ற அமைப்பு தொடங்கியது. சமயச் சார்பற்ற பல்கலைக்கழகத்தில் படிக்கும் சமய மாணவர்களுக்கு அவை ஒரு வீடாயின. அங்கே வயது வந்தவர்கள், போகிறார்கள், வருகிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை மதிய இடைவேளையில் சாலையைக் கடந்து போவது வேறு விஷயம். கல்லூரிக்கு யோசிக்கலாம், பள்ளிக்கு வேண்டாம்.

இடம் முடிவானாலும் வேலை முடியவில்லை. எங்கள் குழுவில் குரல் உயர்ந்தது மையத்துக்குள் சமயம் எவ்வளவு என்ற கேள்வியில்தான். சுவர் முழுக்க வாசகங்கள் வேண்டும், தினமும் பிரார்த்தனையோடு திறக்க வேண்டும் என்று சிலர். ஒன்றுமே வேண்டாம் என்று சிலர். நான் எதன் பக்கம் நின்றேன் என்று சொல்கிறேன். மையத்தை ஒட்டி ஒரு சிறிய அமைதி அறை இருக்கட்டும், அதற்குத் தனிக் கதவு இருக்கட்டும், யாரும் யாரையும் அங்கே அனுப்ப வேண்டாம். பெரிய அறையில் உட்கார ஒரு பிரார்த்தனையைக் கட்டணமாக்கினால், நம்பிக்கையில் தடுமாறிக்கொண்டிருக்கும் பிள்ளைதான் முதலில் வெளியே நிற்கும். சமயப் பள்ளி கைவிடவே கூடாத பிள்ளை அது. வேற்று மதத்துப் பிள்ளைகளும் நம் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்களையும் நம் பிள்ளைகளாகத்தான் சேர்த்தோம்.

தனியாகப் பேசும் அறை ஒன்றும் வேண்டும். ஆன்மிக வழிகாட்டியிடமோ ஆலோசகரிடமோ மனம் விட்டுப் பேச நினைக்கிற பிள்ளை நடுக்கூடத்தில் பேசாது. அந்த அறைக்கதவில் கண்ணாடிப் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது, உள்ளே இருப்பவர்கள் வெளியே தெரிய வேண்டும். வணக்கத்துக்குரிய பெரியவர் ஒருவரை இது அவமதிப்பதாகாதா என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் வருந்தினார். சமய நிறுவனங்களில் பெரியவர்கள் மீது பிள்ளைகளுக்கு இருக்கும் மரியாதையைத் தவறாகப் பயன்படுத்தியவர்களால் எத்தனை பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள் என்பது பல நாடுகளில் விசாரணைகளில் வெளிவந்துவிட்டது. அந்தக் கண்ணாடி பிள்ளையைக் காக்கும், நேர்மையான பெரியவரையும் காக்கும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். புதுக் கட்டடமானாலும் பழையதானாலும் இந்தக் கதவு படத்தில் இருக்கிறதா என்று நானே தேடிப் பார்ப்பேன்.

மையத்தில் நாள் முழுக்க இருக்கப்போகும் அந்த ஆள் யார் என்பதும் முக்கியம். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உள்ளவராக இருந்தால் பிள்ளைகள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். பெயர் தெரிந்து கூப்பிடுபவராக, பேச்சைக் கேட்பவராக, ஆபத்தான விஷயம் காதில் விழுந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். ஆசிரியர்களை முறைவைத்துப் போடலாம் என்பார்கள். தேர்வு வந்தால் முதலில் ரத்தாவது அந்த முறைதான்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு பருவம் ஒத்திகை பார்த்துவிடுங்கள். கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறை, இருபது முப்பது எடை குறைந்த நாற்காலிகள், நாலு மேசை, ஒரு ஆள். அவ்வளவுதான். நாற்காலிகளைத் தரையோடு பிணைக்காதீர்கள். நியூயார்க்கின் பொதுவெளிகளை 1970களில் ஆராய்ந்த வில்லியம் வைட், மக்கள் உட்காரும் முன் நாற்காலியைச் சில அங்குலமாவது நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள் என்று கவனித்தார். அந்தச் சின்ன நகர்த்தலில் அந்த இடம் அவர்களுடையதாகிறது. காலை, மதியம், பள்ளி விட்ட பின் என்று மூன்று வேளையும் தலை எண்ணி எழுதி வையுங்கள். எங்கள் கணிப்பில் மதியம்தான் கூட்டம் வரும் என்று இருந்தது. முதல் மணி அடிப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில்தான் அறை நிறைந்தது. சீக்கிரம் வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளைகளை முன்னதாகவே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகள் அத்தனை ஆண்டுகளாகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த எண்களை வைத்துத்தான் பழைய கட்டடத்தின் கீழ்த்தளம் என்று குழு முடிவு செய்தது. மையத்தின் ஆளுக்கு வேலை நேரம் பள்ளி தொடங்க ஒரு மணி நேரம் முன்பே ஆரம்பிக்கிறது. சாவி அவரிடமே இருக்கிறது.